லீவு கேட்டால் முதலாளி மறுக்கலாமா? மலையேறி வேலைக்குப் போகிறவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

மலைக்கு மேலே கேரள எல்லையில் இருக்கும் குமுளியில் கடை வேலை பார்க்கும் கம்பம், கூடலூர் பிள்ளைகளுக்குத் தை பிறக்கும்போது ஒரு சங்கடம் வரும். ஊரில் பொங்கல், கடையில் மகரவிளக்கு சீசன். ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் லோயர் கேம்பிலிருந்தே வரிசை கட்டி ஏறும். சிப்ஸ் கடையில் எண்ணெய்ச் சட்டி அடுப்பை விட்டு இறங்காது, ஏலக்காய்க் கடையில் தராசு ஓயாது. அந்த நேரத்தில் போய், "முதலாளி, பொங்கலுக்கு நாலு நாள் லீவு வேணும்" என்று கேட்டால் பதில் எல்லாருக்கும் மனப்பாடம்: "சீசன் கழியட்டே, நோக்காம்" (சீசன் முடியட்டும், பார்க்கலாம்). சீசன் கழிந்து மாசி வந்ததும் மறுபடி கேட்டால், "பொங்கல்தான் போயிருச்சே, இனி எதுக்கு லீவு?"

நான் அந்தக் கடைத்தெருவில் ஏழு வருடம் நின்றவள். அந்த ஏழு வருடமும், லீவு என்பது முதலாளி மனது வைத்தால் கிடைக்கும் சலுகை என்றுதான் நினைத்திருந்தேன். கூட நின்ற பிள்ளைகளும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்பது பிறகு, ஊரில் நாலு பேருக்கு மனு எழுதிக் கொடுக்க ஆரம்பித்தபோதுதான் புரிந்தது. லீவை இந்த வாரம் வேண்டாம், அடுத்த மாதம் எடுத்துக்கொள் என்று தள்ளி வைக்க முதலாளிக்கு ஓரளவு இடம் உண்டு. அந்த லீவையே இல்லாமல் ஆக்குவதற்கு இடம் கிடையாது. மறுக்கப்பட்ட லீவு உங்கள் கணக்கிலேயே நிற்கிறது. இந்த ஒரு விஷயம் கைக்கு வந்துவிட்டால் மற்றதெல்லாம் கணக்கும் காகிதமும்தான்.

முதலில் எது லீவு, எது லீவு இல்லை

"நாங்க லீவு தராம இல்லையே, சம்பளம் மட்டும் பிடிப்போம்" என்று பல முதலாளிகள் சொல்வார்கள். சம்பளம் பிடித்துக்கொண்டு கொடுப்பது ஆண்டு விடுப்பு ஆகாது. வேலைக்கு வராத நாளுக்குக் கூலி இல்லை என்று சொல்ல ஒரு சட்டமும் தேவையில்லையே. சட்டம் பேசுவது ஊதியத்துடன் கூடிய ஆண்டு விடுப்பைப் பற்றி. நீங்கள் வேலை செய்து, நாள் நாளாகச் சம்பாதித்துச் சேர்த்த லீவு அது. வாங்கும் கூலியின் ஒரு பகுதியைப் பணமாகக் கொடுக்காமல் ஓய்வாகக் கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதை மறுப்பது கூலியைப் பிடித்து வைப்பதற்குச் சமம்.

வார விடுமுறை இதில் சேராது. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, பண்டிகை விடுமுறை இவையும் சேராது. அவற்றுக்குத் தனிச் சட்டங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த 4 நாளும் 5 பண்டிகை நாளுமாக 9 நாள் சம்பளத்தோடு விடுமுறை. கேரளத்துக்கும் அதே 1958இல் வந்த தனிச் சட்டம் உண்டு. எட்டு நாள் ஆண்டு விடுப்பு எழுதிக் கொடுத்து, நடுவில் ஒரு ஞாயிறோ பண்டிகை விடுமுறையோ வந்தால், அந்த நாளை உங்கள் லீவுக் கணக்கில் கழிக்கக் கூடாது. தொழிற்சாலைச் சட்டத்தில் இது தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது. சம்பளச் சீட்டைப் பார்க்கும்போது இதைக் கவனியுங்கள். பலருக்கும் இங்கேதான் ஒன்றிரண்டு நாள் சத்தமில்லாமல் காணாமல் போகிறது.

பொங்கலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டை ஒட்டியுள்ள இடுக்கி, பாலக்காடு, வயநாடு, பத்தனம்திட்டா, கொல்லம், திருவனந்தபுரம் ஆகிய ஆறு மாவட்டங்களுக்குக் கேரள அரசு பொங்கலுக்கு உள்ளூர் விடுமுறை விடுகிறது. அது பள்ளிக்கூடத்துக்கும் அரசு அலுவலகத்துக்குமான அறிவிப்பு. "கவர்மென்ட்டே லீவு விட்டிருக்கு" என்று கடை முதலாளியிடம் அதைக் காட்டி வாதாடினால் நிற்காது. பொங்கலுக்கு ஊர் போக வேண்டுமென்றால் உங்கள் சொந்தக் கணக்கிலுள்ள ஆண்டு விடுப்பைத்தான் கேட்க வேண்டும்.

எந்த மாநிலச் சட்டம்?

எல்லையில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்விதான் முதல் குழப்பம். வீடு கம்பத்தில், ரேஷன் கார்டு தமிழ்நாட்டில், ஓட்டு தமிழ்நாட்டில், வேலை மட்டும் குமுளியில். லீவுத் தகராறு என்று வந்ததும் நேராகத் தேனி கலெக்டர் ஆபீசுக்கு ஓடி மனு கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே இருப்பவர்கள் என்ன செய்ய முடியும்? கடை அவர்கள் எல்லைக்குள் இல்லையே.

வேலை எந்த மண்ணில் நடக்கிறதோ அந்த மாநிலத்தின் சட்டமும் அந்த மாநிலத்தின் அதிகாரியும்தான். முதலாளி தமிழ்நாட்டுக்காரராக இருக்கலாம், கூலியைக் கம்பத்தில் வைத்துக் கொடுக்கலாம், உங்களைக் கூட்டிப்போகும் ஜீப்புக்குத் தமிழ்நாட்டுப் பதிவெண் இருக்கலாம். ஏலத்தோட்டம் கம்பம்மெட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தால் கேரளத் தொழிலாளர் துறைக்குத்தான் போக வேண்டும். போடிமெட்டு, குமுளி வழியாகப் போகிறவர்களுக்கும் இதே கணக்கு. மறுபக்கமாக, கேரளத்திலிருந்து இறங்கி வந்து தேனி மில்லில் வேலை பார்க்கும் பிள்ளைக்குத் தமிழ்நாட்டு அதிகாரி.

எத்தனை நாள் சேரும்?

மில், தோட்டம், கம்பெனி மாதிரி இடங்களுக்கு நெடுங்காலம் தனித்தனிச் சட்டங்கள் இருந்தன. தொழிற்சாலைகளுக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டம், தேயிலை, காப்பி, ரப்பர், ஏலக்காய்த் தோட்டங்களுக்கு 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம். இரண்டிலும் பெரியவர்களுக்கு அடிப்படைக் கணக்கு ஒன்றுதான்: 20 நாள் வேலை செய்தால் 1 நாள் லீவு. தொழிற்சாலையில் அந்த லீவுக்குத் தகுதி பெற வருடத்தில் 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வருவதாக ஒன்றிய அரசு அறிவித்தது. அதில் ஒன்றான 2020ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்பு, இந்தப் பழைய இரண்டு சட்டங்களின் இடத்துக்கு வந்திருக்கிறது. அதன் 32ஆம் பிரிவைத்தான் இனி நாம் பேச வேண்டும். 20க்கு 1 என்ற கணக்கு அப்படியே இருக்கிறது. 240 நாள் என்ற தகுதி 180 நாளாகக் குறைந்திருக்கிறது. இது சாதாரண மாற்றம் இல்லை. நடுவில் சில மாதம் வேலைக்குப் போக முடியாமல் போன மில் பிள்ளைகள் முன்பு 240ஐ எட்ட முடியாமல் அந்த வருட லீவு முழுவதையும் இழப்பார்கள். இப்போது 200 நாள் வேலை செய்தவருக்கும் 10 நாள் சேரும். 260 நாள் என்றால் 13 நாள்.

எடுக்காத லீவை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகலாம், 30 நாள் வரை. வருட முடிவில் தொழிலாளி கேட்டால் லீவைக் காசாக மாற்றிக்கொள்ளவும் புதிய தொகுப்பு வழி செய்கிறது. மேலாளர் நிலையில் இருப்பவர்களும், மேற்பார்வை வேலையில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர்களும் இந்தத் தொகுப்பு சொல்லும் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வரமாட்டார்கள். ஆனால் ஒரு பிள்ளைக்கு 'சூப்பர்வைசர்' என்று பெயர் மட்டும் வைத்துவிட்டு மூட்டை தூக்க விடுகிற இடங்களும் இருக்கின்றன. அங்கே பட்டத்தை விட, அவர் உண்மையில் என்ன வேலை செய்கிறார் என்பதுதான் பேச வேண்டிய விஷயம்.

கடை, ஓட்டல், லாட்ஜ் வேலைக்கு அந்தந்த மாநிலத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1947ஆம் ஆண்டுச் சட்டம், கேரளத்தில் 1960ஆம் ஆண்டுச் சட்டம். ஆண்டு விடுப்பில் இரண்டும் ஒரே அளவுதான்: ஒரே இடத்தில் தொடர்ந்து 12 மாதம் வேலை செய்தவருக்கு 12 நாள், சேர்த்து வைத்தால் 24 நாள் வரை. தமிழ்நாட்டுச் சட்டத்தில் இதற்கு மேல் உடம்பு முடியாத நாளுக்கு 12, தற்செயல் விடுப்பு 12 என்று தனியாக உண்டு. நான் நின்ற ஏழு வருடத்துக்கு 84 நாள் ஆகிறது. அதில் ஒரு நாளுக்காவது சம்பளத்தோடு வீட்டில் இருந்த ஞாபகம் எனக்கு இல்லை.

மறுப்பு என்று எதைச் சொல்கிறோம்

"முடியாது" என்று முகத்துக்கு நேராகச் சொல்லும் முதலாளிகள் குறைவு. அதிகம் நடப்பது வேறு. "பார்க்கலாம்" என்பார்கள். "நாளைக்குச் சொல்றேன்" என்பார்கள். கணக்குப்பிள்ளையிடம் கேள் என்பார்கள், கணக்குப்பிள்ளை முதலாளியிடம் கேள் என்பார். நாள் வந்து போய்விடும். யாரும் மறுக்கவில்லை, ஆனால் லீவும் கிடைக்கவில்லை.

என் அம்மா வண்டிப்பெரியாறு பக்கம் ஓர் எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தவர். நாங்கள் லயத்தில், அதாவது எஸ்டேட் வரிசை வீட்டில் வளர்ந்த பிள்ளைகள். ஒரு தடவை சின்னமனூரில் அத்தை மகளுக்குச் சடங்கு. ஐந்து நாள் லீவு வேண்டும் என்று அம்மா கங்காணியிடம் வாயால் கேட்டார். "போயிட்டு வா ஆத்தா, நான் எழுதிக்கிறேன்" என்று அவரும் சொல்லியிருக்கிறார். சம்பள நாளன்று பார்த்தால் செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) ஐந்து நாளும் ஆப்சென்ட். லீவுக் கூலியும் இல்லை, சொல்லாமல் வேலைக்கு வராதவள் என்ற பேரும் சேர்ந்தது. கங்காணியிடம் கேட்டபோது, "நான் எப்பச் சொன்னேன்?" என்றார். அம்மா அதற்குப் பிறகு லீவே கேட்டதில்லை. எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் அந்த ஐந்து நாள் கூலி இல்லை. தன்னுடைய உரிமையைக் கேட்டுவிட்டு, தான்தான் தப்புச் செய்தது போல அவர் தலை குனிந்து வந்ததுதான்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் 79ஆம் பிரிவிலும் சரி, புதிய தொகுப்பின் 32ஆம் பிரிவிலும் சரி, ஒரு பாதுகாப்பு இருக்கிறது. தொழிலாளி லீவுக்கு விண்ணப்பித்து, அது கொடுக்கப்படாமல் போனால், அப்படி மறுக்கப்பட்ட லீவை எந்த வரம்பும் இல்லாமல் அடுத்த வருடங்களுக்குக் கொண்டுபோகலாம். 30 நாள் என்ற உச்சவரம்பு அந்த லீவுக்குப் பொருந்தாது. உங்கள் கணக்கில் ஏற்கெனவே 30 நாள் நிற்கிறது, 10 நாள் கேட்டீர்கள், மறுத்துவிட்டார்கள் என்றால், "30க்கு மேல் போனது காலாவதி" என்று அந்த 10ஐ அழிக்க முடியாது. ஆனால் இந்தப் பாதுகாப்புக்குள் நுழைய ஒரே வாசல்தான் உண்டு: நீங்கள் விண்ணப்பித்திருக்க வேண்டும். கேட்கவே இல்லை என்று அவர்கள் சொன்னால், கேட்டேன் என்று காட்ட உங்கள் கையில் ஏதாவது இருக்க வேண்டும். அம்மாவின் கையில் ஒன்றும் இல்லை.

பழைய தொழிற்சாலைச் சட்டம் இன்னொன்றையும் சொன்னது. லீவு தொடங்குவதற்குக் குறைந்தது 15 நாள் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும், மின்சாரம், தண்ணீர் போன்ற பொதுப் பயன்பாட்டுப் பணி என்றால் 30 நாள் முன்னால். ஒரு வருட லீவை மூன்று தடவைக்கு மேல் பிரித்து எடுக்க முடியாது. அப்படி முறையாகக் கொடுத்த விண்ணப்பத்தை நிர்வாகம் மறுக்கக் கூடாது. மறுப்பதானால், யார் எப்போது லீவில் போவது என்று தொழிலாளர் தரப்போடு பேசி, எழுதி, ஆய்வாளரிடம் கொடுத்து, தொழிற்சாலையில் ஒட்டி வைத்த திட்டம் ஒன்று இருக்க வேண்டும், மறுப்பும் அதன்படி அமைய வேண்டும். "ஆள் இல்லை", "ஆர்டர் இருக்கு" என்று மேனேஜர் வாயால் சொல்வது அந்தத் திட்டத்துக்கு ஈடாகாது. சட்டம் மாறியிருந்தாலும் 15 நாள் முன்னால் எழுதிக் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். நேரத்தோடு கேட்டவரை மறுப்பது எந்த அதிகாரி முன்னாலும் கடினம். பஸ் ஏறுகிற அன்று கேட்டவருக்காகப் பேசுவது அதைவிடக் கடினம்.

முதலாளி பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஏலக்காய் எடுப்பு ஆவணியிலிருந்து மாசி வரை சுற்றுச் சுற்றாக வரும். பழுத்த காயை ஒரு வாரம் செடியில் விட்டால் நட்டம். மகரவிளக்கு வாரத்தில் கடையில் பத்துப் பேரும் ஒன்றாக இறங்கிவிட்டால் கடை ஓடாது. அதனால் தேதியை மாற்றச் சொல்வது அநியாயம் ஆகாது. அநியாயம் எங்கே ஆரம்பிக்கிறது என்றால், மாற்றுத் தேதி சொல்லாதபோது. சீசன் முடிந்ததும் தருகிறேன் என்றால், சீசன் என்றைக்கு முடிகிறது, லீவு என்றைக்குத் தொடங்குகிறது என்று நாள் குறிக்க வேண்டும்.

எழுதிக் கேட்பது எப்படி

பெரிய மனு எல்லாம் வேண்டாம். நோட்டிலிருந்து கிழித்த தாளில் எழுதினாலும் போதும். நான் எழுதிக் கொடுப்பது இவ்வளவுதான்:

"ஐயா, நான் தங்கள் கடையில் மூன்று வருடமாக விற்பனையாளராக வேலை செய்கிறேன். ஜனவரி 14 முதல் 17 வரை 4 நாள் ஊதியத்துடன் கூடிய ஆண்டு விடுப்பு தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இந்த ஆண்டு நான் இதுவரை ஆண்டு விடுப்பு எதுவும் எடுக்கவில்லை. அந்தத் தேதிகளில் தர இயலாவிட்டால், அதற்கான காரணத்தையும், எந்தத் தேதியில் தருவீர்கள் என்பதையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்."

கடைசி வரிதான் இதில் உயிர். "பார்க்கலாம்" என்ற பதிலுக்கு அது இடம் வைப்பதில்லை. தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் சண்டை வேண்டாம். அதே தாளைப் போட்டோ எடுத்து முதலாளியின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்கள். "ஐயா, இன்று காலை நேரில் கொடுத்த லீவு கடிதம்" என்று கீழே ஒரு வரி. அதுவும் முடியாத இடத்தில் ஸ்பீடு போஸ்ட், ரசீதைப் பத்திரமாக வைக்க வேண்டும். போனில் மறுத்தால் அன்று மாலையே, "காலையில் போனில் லீவு இல்லை என்று சொன்னீர்கள், வேறு எந்தத் தேதி என்று சொல்லுங்கள்" என்று மரியாதையாக ஒரு செய்தி போட்டு வையுங்கள்.

இதில் எதுவும் வம்பு இழுப்பதாக ஆகாது. எழுதிக் கேட்டால் முதலாளி கோபிப்பார் என்ற பயம் எல்லாருக்கும் உண்டு, எனக்கும் இருந்தது. ஆனால் எழுத்தில் வந்த கேள்விக்கு, பேச்சில் வந்த கேள்வியை விடச் சீக்கிரம் பதில் கிடைப்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். தாள் ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால் கணக்குப்பிள்ளையும் கொஞ்சம் கவனமாகிவிடுகிறார்.

எஸ்டேட்டிலும் மில்லிலும் வேலை செய்கிறவர்கள் இதோடு ஒன்று செய்ய வேண்டும். தினம் வேலைக்குப் போன நாளை வீட்டுக் காலண்டரில் ஒரு கோடு போட்டு வையுங்கள். வருட முடிவில் அந்தக் கோடுகளை எண்ணி 20ஆல் வகுத்தால் உங்கள் லீவு எவ்வளவு என்று தெரிந்துவிடும். செக்ரோலில் வேறு எண் வந்தால் அப்போதே கேட்கலாம். மூன்று வருடம் கழித்துக் கேட்டால் பழைய செக்ரோலைத் தேடி எடுப்பதே பெரும்பாடு.

மறுத்துவிட்டார்கள், போய்விடலாமா?

போகாதீர்கள். உரிமை இருக்கிறது என்பதற்காக அனுமதி இல்லாமல் கிளம்பிவிட்டால், மறுத்தவர் பக்கம் இருந்த தப்பு உங்கள் பக்கம் வந்துவிடும். பெரிய நிறுவனங்களில் வேலை ஒழுங்கைச் சொல்லும் நிலையாணைகளின் மாதிரி விதிப்படி, அனுமதியில்லாமல் 10 நாளுக்கு மேல் வராமல் இருப்பது ஒழுங்கீனம். வாங்கிய லீவு முடிந்த பின்னும் 8 நாளுக்குள் திரும்பி வந்து தகுந்த காரணம் சொல்லாவிட்டால் அந்த வேலையின் மீதுள்ள உரிமையே போகலாம்.

கூட்டமாகப் போவதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது, அதைப் பலரும் அறிவதில்லை. சாதாரணமாக, வராத நாளுக்கு மட்டும்தான் கூலி பிடிக்கலாம், ஒரு நாள் வரவில்லை என்றால் ஒரு நாள் கூலி. ஆனால் 10 பேரோ அதற்கு மேலோ பேசி வைத்துக்கொண்டு, முன்னறிவிப்பும் தகுந்த காரணமும் இல்லாமல் வராமல் இருந்தால், 8 நாள் கூலி வரை பிடிக்க ஊதியச் சட்டம் இடம் கொடுக்கிறது. வேலை ஒப்பந்தத்தில் அத்தனை நாள் முன்னறிவிப்பு தேவை என்று இருந்தால் இது பொருந்தும். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கு ஒரே செட்டிலிருந்து மொத்தமாகக் கிளம்பும் பழக்கம் நம் பக்கம் உண்டு. ஆத்தாளுக்குத் தீச்சட்டி எடுக்கப் போகிறவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. ஆளுக்கு ஆள் தனித்தனியாக, முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

உடம்புக்கு முடியவில்லை என்றால் கதை வேறு. காய்ச்சல் 15 நாள் முன்னால் சொல்லிவிட்டு வருவதில்லை. பழைய தொழிற்சாலைச் சட்டமே, நோய்க்காக ஆண்டு விடுப்பை எடுக்க விரும்பினால் தாமதமாக விண்ணப்பித்தாலும் கொடுக்க வேண்டும் என்றது. இ.எஸ்.ஐ. காப்பீட்டுக்குப் பணம் பிடிக்கும் கடை, மில்லில் வேலை செய்கிறவர் என்றால், இ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்றிதழை வைத்து வருடத்துக்கு 91 நாள் வரை, கூலியில் 70 விழுக்காடு நோய்க்காலப் பலனாக வாங்கலாம். அந்தப் பலனை வாங்கிக்கொண்டிருக்கும் காலத்தில் வேலையை விட்டு நீக்கவோ தண்டிக்கவோ கூடாது. மகப்பேறு விடுப்பை மறுக்கும் அதிகாரம் யாருக்கும் கிடையாது. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும்.

இந்தக் கணக்குக்குள் எளிதில் வராதவர்கள்

விடியற்காலை நாலு மணிக்குத் தூக்குவாளியோடு ஜீப்புக்காக நிற்கும் அக்காமார்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். இன்று ஒரு தோட்டம், நாளை வேறு தோட்டம். ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகளின் ஏலக்காட்டில் வேலை. பழைய தோட்டத் தொழிலாளர் சட்டம் 5 ஹெக்டேருக்குக் குறையாத, 15 பேராவது வேலை செய்யும் தோட்டங்களைத்தான் பிடித்தது. புதிய தொகுப்பும் பொதுவாக 10 தொழிலாளர்களுக்குக் குறையாத இடங்களைத்தான் பேசுகிறது. யாருடைய செக்ரோலிலும் பேர் நிலையாக இல்லாத அக்காமாருக்கு 180 நாள் எங்கே சேரும்? சட்டத்தில் இது ஒரு பெரிய ஓட்டை. நம் மலையின் ஏலக்காய் வாசத்துக்குப் பின்னால் நிற்பவர்களில் பெரும்பகுதியினர் அந்த ஓட்டையில்தான் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

ஆனால் ஒன்று. ஜீப் மாறினாலும், ஒரே பெரிய தோட்டத்துக்கே வருடம் முழுதும் போகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். "தினக்கூலி, அதனால் லீவு கிடையாது" என்று சொன்னால் நம்ப வேண்டாம். கூலியை நாளுக்கு நாள் கொடுப்பதால் லீவு உரிமை போய்விடாது. ஒரே இடத்தில் எத்தனை நாள் வேலை செய்தீர்கள் என்பதுதான் கேள்வி. அந்தக் காலண்டர் கோடு அவர்களுக்குத்தான் எல்லாரையும் விட அவசியம்.

எங்கே போய்ச் சொல்வது?

சங்கம் இருக்கிற எஸ்டேட்டாக இருந்தால் முதலில் சங்கம். கன்வீனரிடம் கடிதப் பிரதியைக் கொடுத்தால் பாதி விவகாரங்கள் எஸ்டேட் ஆபீசிலேயே முடிந்துவிடும். சங்கம் இல்லாத கடைப் பிள்ளைகளுக்குக் கேரளத்தில் உதவித் தொழிலாளர் அலுவலர், தமிழ்நாட்டில் தொழிலாளர் உதவி ஆய்வாளர். தோட்டத்துக்குக் கேரளத் தொழிலாளர் துறையில் தோட்ட ஆய்வாளர் என்று தனியாக உண்டு. மில்லுக்குத் தமிழ்நாட்டில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறை. மனுவோடு, கையெழுத்து வாங்கிய லீவு கடிதம், வாட்ஸ்அப் செய்தியின் பிரிண்ட், சம்பளச் சீட்டு, காலண்டர் கணக்கு இவற்றின் நகல் போதும். அசலை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

வக்கீல் வைக்கக் காசில்லை என்று தயங்க வேண்டியதில்லை. சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டப்படி பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும், தொழில்துறைத் தொழிலாளிகளுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. இதை அறியாமல் வட்டிக்கு வாங்கி வக்கீலுக்குக் கொடுத்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

வேலையை விட்டு நிற்கும்போதும் லீவுக் கணக்கை மறக்கக் கூடாது. எடுக்காமல் மிச்சம் இருக்கும் ஆண்டு விடுப்புக்குக் கூலி வர வேண்டும், நீங்களே விட்டாலும் சரி, அவர்கள் நிறுத்தினாலும் சரி. தொழிற்சாலைச் சட்டம் அதை இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் கொடுக்கச் சொன்னது. தமிழ்நாட்டுக் கடைச் சட்டத்திலும், லீவு கேட்டு மறுக்கப்பட்டு, அது கிடைக்காமலே வேலையை விட்டவருக்கு அந்த நாட்களுக்கான சம்பளத்தை முதலாளி கொடுத்தாக வேண்டும் என்று இருக்கிறது. மீண்டும் பாருங்கள்: கேட்டு, மறுக்கப்பட்டு. அந்தப் பழைய தாள் அன்றைக்கும் கை கொடுக்கும். கூலிப் பாக்கிக்கு மனுப் போட முன்பு 12 மாதம்தான் கெடு இருந்தது, ஊதியச் சட்டத் தொகுப்பு அதை 3 வருடமாக்கியிருக்கிறது.

கேரள அலுவலகத்துக்கு மலையாளத்தில்தான் எழுத வேண்டும் என்று நினைத்து, ஆள் பிடித்து எழுதி வாங்குகிறவர்கள் உண்டு. 1956இல் மொழிவழியாக மாநிலம் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன, அங்கிருந்த தமிழர்களும் மொழிச் சிறுபான்மையினராக நின்றார்கள். 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் அவர்களை மறக்கவில்லை. சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள அரசு அலுவலகங்களுக்கும், துறைத் தலைவர்களுக்கும், திருவனந்தபுரத்துக்கும் தமிழிலேயே எழுதலாம். பதிலும் தமிழில் வர வேண்டும். போன மாதம் ஒரு கடைப் பிள்ளைக்கு நான் எழுதிக் கொடுத்த மனுவும் தமிழில்தான் போனது.